ராணி நின்ற கட்டம்

வீட்டில் சதுரங்கப் பலகை இருந்தால் எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

1924 மார்ச் 22. நியூயார்க்கின் அலமாக் ஓட்டலில் ஒரு பெரிய போட்டி. கறுப்புக் காய்களோடு உட்கார்ந்திருப்பவர் உலக சாம்பியன், கியூபாவின் கபபிளாங்கா. போட்டி ஆட்டங்களில் எட்டு ஆண்டுகளாக அவர் தோற்றதே இல்லை. எதிரே 34 வயது ரிச்சர்ட் ரேட்டி.

நம்மில் பலர் ராஜாவுக்கு முன்னாலிருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளித்தான் ஆட்டத்தைத் தொடங்குவோம். நடுப்பலகையைப் பிடி என்றுதானே சொல்லிக்கொடுத்தார்கள்? ரேட்டி நடுவில் கை வைக்கவே இல்லை. முதலில் ராஜா பக்கத்துக் குதிரை. பிறகு ராணிப் பக்கத்தில் இரண்டு சிப்பாய்கள். அந்தப் பக்கத்துக் குதிரைக்கு முன்னால் காலியான கட்டத்தில் ஒரு பிஷப்பை வைத்தார். அங்கிருந்து குறுக்கே பார்த்தால் எதிரி ராஜாவின் கோட்டை வரைக்கும் ஒரே கோடு. ராஜாவுக்கு முன்னாலிருந்த சிப்பாய் அசைந்ததே 15வது நகர்த்தலில்தான், அதுவும் ஒரு கட்டம். அடுத்த நகர்த்தலில் ராணியின் முன்னிருந்த சிப்பாய் நடுவுக்கு ஏறியது. அத்தனை நேரம் காத்திருக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

நடுவில் சிப்பாய்கள் வெட்டுப்பட்டன. அந்தக் கோட்டில் எதிரெதிரே நின்ற பிஷப்புகள் இரண்டும் பலகையை விட்டுப் போயின. உடனே ரேட்டியின் ராணி, பிஷப் முதலில் நின்ற அதே கட்டத்தில் வந்து நின்று ராஜாவுக்குச் செக் வைத்தது. அடுத்து அவருடைய யானை, துணையில்லாமல் நின்ற ஒரு சிப்பாயை வெட்டி எதிரியின் எல்லைக்குள் புகுந்தது.

இப்போது கபபிளாங்காவின் ராணியைக் கவனியுங்கள். நடுவிலிருந்து ராஜா பக்க ஓரத்துக்கு ஓடுகிறது. திரும்பி நடுவுக்கு வருகிறது. 28வது நகர்த்தலில், ஐந்து நகர்த்தலுக்கு முன் நின்ற இடத்துக்கே வந்து சேர்கிறது. வெள்ளைக் குதிரைகள் இரண்டும் அதற்குள் சுற்றி வளைத்துவிட்டன. 31வது நகர்த்தலில் ரேட்டியின் இன்னொரு யானை நேராக அந்த ராணியைத் தாக்கியது. எங்கே நகர்த்தினாலும் நஷ்டம். கபபிளாங்கா தோல்வியை ஒப்புக்கொண்டார். அந்தப் போட்டியில் அவர் ஆடிய 20 ஆட்டங்களில் தோற்றது இது ஒன்றுதான்.

பலகையைக் கலைக்காதீர்கள். வெள்ளை ராணி எங்கே இருக்கிறது, பாருங்கள். செக் வைத்த 22வது நகர்த்தலுக்குப் பிறகு, அந்தக் கட்டத்தை விட்டு அது அசையவே இல்லை.