பாலை நிலத்தில் பந்தாட்டக் களம்

பாலை என்றவுடன் தமிழருக்கு நினைவு வருவது இலக்கியப் பாலை. முல்லையும் குறிஞ்சியும் வேனில் வெப்பத்தால் தம் இயல்பு திரிந்து நிற்கும் நிலையையே நம் முன்னோர் பாலை என்றனர். ஒரு மழை பெய்தால் அந்நிலம் மீண்டும் தளிர்த்துவிடும். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது அந்தப் பாலையை அன்று. அரேபியத் தீபகற்பத்தின் கிழக்கே, வளைகுடாக் கடலை ஒட்டிக் கிடக்கும் மெய்யான பாலைவனத்தை. அங்கே ஐக்கிய அரபு நாட்டில் சில ஆண்டுகள் கட்டட வேலைகளை மேற்பார்வையிட்டேன். அவற்றுள் டென்னிஸ் ஆடுகளங்களும் அடங்கும்.

‘பாலைவனத்தில் ஆடுகளம் அமைப்பது ஒரு வேலையா? நிலம் சமதரை, மழையோ இல்லை, கோடு கிழித்து வலையைக் கட்டினால் தீர்ந்தது’ என்று நண்பர் பலர் என்னிடம் கூறியதுண்டு. அது அவ்வளவு எளிதன்று என்பதைச் சொல்லவே இப்பேச்சு.

முதலில் அளவுகளைப் பார்ப்போம். இருவர் இருவராக ஆடும் களம் 78 அடி நீளமும் 36 அடி அகலமும் உடையது. ஆடுவோர் பின்வாங்கி ஓடவும் பக்கவாட்டில் பாயவும் இடம் வேண்டுமாதலால், 120 அடிக்கு 60 அடி தளம் போடுவது வழக்கம். காலையிலும் மாலையிலும் சூரியன் ஆடுபவர் கண்ணில் நேரே விழாதபடி, களத்தின் நீளம் வடக்குத் தெற்காக அமைய வேண்டும்.

இனி, எத்தகைய தரை? புல்தரைக்கு ஓயாமல் நீர் வேண்டும். களிமண் தரையும் ஈரம் இருக்கும்வரைதான் இறுகிக் கிடக்கும். பாலை வெயிலில் அந்த ஈரம் சில நாழிகையில் பறந்துவிடும். ஆகவே கெட்டித் தரையே பொருந்தும். அதிலும் வெப்பம் தன் வேலையைக் காட்டாமல் இராது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 1988-ஆம் ஆண்டு புல்தரையை விட்டு, ரப்பர் கலந்த ஒரு கெட்டித் தரைக்கு மாறினர். கடும் வெயிலில் அத்தரை பிசுபிசுத்துக் காலைப் பிடிக்கிறது என்று ஆட்டக்காரர்கள் குறைகூறினர். 2008-இல் அதனையும் மாற்றினர். மெல்போர்ன் பாலைவனமன்று, அங்கேயே இந்நிலை என்றால் அரபு நாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

கெட்டித் தரையில் இருவகை உண்டு. ஒன்று தார்க்கலவைத் தளம். மற்றொன்று காங்கிரீட் தளம். தார்க்கலவை விலை குறைவு. ஆனால் கோடைப் பகலில் அது இளகும். நாற்காலிக் கால் வைத்த இடத்தில் பள்ளம் விழும். காற்றும் வெயிலும் சேர்ந்து தாரிலுள்ள பசையை உலர்த்திவிட, நாளடைவில் வெடிப்பும் காணும். இக்காரணங்களால் நாங்கள் பெரும்பாலும் காங்கிரீட்டையே தேர்ந்தோம்.

காங்கிரீட்டுக்கு மேலே வெயில் பகையென்றால், கீழே உப்புப் பகை. வளைகுடாக் கரையில் ‘சப்கா’ எனப்படும் உப்புத் தரை பரந்து கிடக்கிறது. மேலே வறண்ட மணல். சிறிது தோண்டினாலோ உவர்நீர். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் அந்நீர் மண்ணின் நுண்துளைகள் வழியே மேலேறும். நீர் ஆவியாகும்; உப்பு தங்கிவிடும். நம் ஊர்க் கடலோர வீடுகளில் சுவர் உப்புப் பூத்துச் சுண்ணாம்பு உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே செயல்தான். ஆகவே களத்தின் அடியில் முதலில் பருஞ்சல்லி பரப்பி நன்கு இறுக்க வேண்டும். அதன்மேல் கிழிசலில்லாத கனத்த பாலிதீன் விரிப்பை இட்டு, ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து ஒட்ட வேண்டும். அதன் பிறகே காங்கிரீட்.

தளத்தின் கனம் ஏறத்தாழ 5 அங்குலம். உள்ளே பிளாஸ்டிக் உறையிட்ட எஃகுக் கம்பி வடங்களைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, காங்கிரீட் போதிய வலுவடைந்தபின் அவற்றை இயந்திரத்தால் இழுத்துப் பூட்டுவதுண்டு. இழுபட்ட வடங்கள் தளம் முழுவதையும் நாற்புறமும் நெருக்கிப் பிடிப்பதால் வெடிப்பு எளிதில் விரிவதில்லை.

பகல் வெயிலில் காங்கிரீட் கொட்டினால், பரப்பி மட்டம் பார்ப்பதற்குள் மேற்புறம் வறண்டு வெடித்துவிடும். ஆதலால் இரவில் கொட்டினோம். கலவை நீரில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பனிக்கட்டித் துகளைச் சேர்ப்பர். மேற்புறத்தைத் துடைப்பம் போன்ற கருவியால் மெல்ல வருடிச் சொரசொரப்பாக்கி, ஈரச் சாக்கு விரித்து நாள்தோறும் நனைக்க வேண்டும். சாக்குக்குப் பதிலாக மெழுகுபோன்ற திரவத்தைத் தெளித்துவிடுவது எளிது. ஆனால் அதன்மேல் பூச்சு ஒட்டாது. தளம் 28 நாட்கள் ஆறிய பிறகே வண்ணத்துக்குப் போகலாம்.

மழையற்ற நாட்டில் வடிகால் எதற்கு என்று கேட்பார்கள். தளத்தை ஒரு பக்கமாகப் பத்தடிக்கு ஓர் அங்குலம் சரிவாக அமைப்பது விதி. 60 அடி அகலத்தில் மொத்தம் 6 அங்குலச் சரிவு. ஆடுபவர் கண்ணுக்கு அது தெரியாது. பிறகு குளிர்ந்த வேளையில் களம் முழுவதும் நீர் பாய்ச்சி, ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். எங்கேனும் ஒரு நாணயத்தின் கனம், அதாவது 2 மில்லிமீட்டர் அளவு நீர் தேங்கியிருந்தால் அப்பள்ளத்தை நிரப்ப வேண்டும். இந்த விதியை வீண் என்று நினைத்தவர்களுக்கு 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் விடை சொன்னது. அல் ஐன் வட்டாரத்தில் ஓரிடத்தில் 24 மணி நேரத்துக்குள் 254.8 மில்லிமீட்டர் மழை கொட்டியது! பாலைவனத்தில் மழை அரிது. வந்தால் அளவறிந்து வருவதில்லை.

வண்ணப் பூச்சு அக்ரிலிக் என்னும் பொருளால் ஆனது. அடிப்பூச்சு ஒன்றோ இரண்டோ, அதன்மேல் வண்ணம் இருமுறை, பிறகு 2 அங்குல அகலத்தில் வெள்ளைக் கோடுகள். நுண்மணலைக் கலந்து, நீண்ட ரப்பர் பட்டை பொருத்திய கோலால் இழுத்துப் பரப்புவர். எவ்வளவு மணல் கலக்கிறோமோ அதற்கேற்பப் பந்தின் வேகம் மாறும். வெயிலேறிய தளத்தில் பூச்சு பரவுமுன்னே உலர்ந்து வரிவரியாகிவிடும். விடியற்காலையில் பூசலாம் என்றால் கடற்கரைப் பனி ஈரம் தடுக்கும். பனி உலர்வதற்கும் வெயில் ஏறுவதற்கும் இடைப்பட்ட சிறுபொழுதே நமக்குரியது. அப்பொழுதிலும் ‘ஷமால்’ என்னும் வடமேற்குக் காற்று எழுந்தால் ஈரப்பூச்சின்மேல் புழுதி படிந்து வேலை பாழாகும்.

பூச்சு நான்கு முதல் எட்டு ஆண்டுகள் தாங்கும். பிறகு புதுப்பிக்க வேண்டும். ஆனால் புதுப்பிப்பது வேறு, மறைப்பது வேறு. ஒரு பள்ளிக்கூடத்தின் களத்தைப் பார்க்க என்னை அழைத்தனர். இரண்டே ஆண்டில் பூச்சு கொப்புளித்து உரிந்திருந்தது. முன்னரே ஒருமுறை மேற்பூச்சு இட்டும் பயனில்லை. உரிந்த செதிளில் வழுக்கி விழுந்து ஒரு மாணவி மணிக்கட்டு எலும்பை முறித்துக்கொண்டாள். பள்ளி திறப்பதற்குள் மூன்றாம் முறை பூசித் தர வேண்டும் என்று நிர்வாகக் குழுவினர் கேட்டனர்.

ஒன்றரை அடிச் சதுரமான பாலிதீன் துண்டுகளைத் தளத்தில் பரப்பி, நாற்புறமும் ஒட்டி, 16 மணி நேரம் விட்டுவைத்தேன். மறுநாள் துண்டுகளின் அடியில் முத்து முத்தாக நீர்த்துளிகள்! ஓரத்தில் தோண்டிப் பார்த்தபோது காரணமும் தெரிந்தது. தளத்தின் கீழே விரிப்பே இடப்படவில்லை. எத்தனை முறை பூசினாலும் அடியிலிருந்து எழும் ஈரம் பூச்சைத் தள்ளத்தான் செய்யும். பழைய தளத்தின்மேல் இரட்டை விரிப்பிட்டுப் புதுத் தளம் போடுவதே வழி என்றேன். செலவு பன்மடங்கு; வேலியும் வலைக்கம்பங்களும் உயர வேண்டும்; ஒரு பருவம் முழுவதும் பிள்ளைகளுக்குக் களமில்லை. குழுவினர் தயங்கினர். தலைமையாசிரியர் மட்டும், “இன்னொரு குழந்தை விழுந்தால், தெரியாமல் நடந்துவிட்டது என்று அதன் பெற்றோரிடம் இனி நாம் சொல்ல முடியுமா?” என்று கேட்டார். அதன்பின் ஒருவரும் மறுத்துரைக்கவில்லை. நவம்பரில் தொடங்கி வேலையை முடித்தோம். ஐந்தாண்டு கழித்து நான் நாடு திரும்பும் வரை அக்களத்தில் ஒரு கொப்புளமும் எழவில்லை.

நவம்பரைத் தேர்ந்ததற்குப் பூச்சு மட்டும் காரணமன்று. அந்நாட்டில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, நண்பகல் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் 3 மணிக்கு மணியடித்தவுடன் வெயில் தணிந்துவிடுவதில்லை. மண்டியிட்டுக் கோடு தீட்டும் தொழிலாளியின் முகத்துக்கு இரண்டடியில் அனல் வீசும் தரை இருக்கிறது. அவர்களுள் இராமநாதபுரத்தாரும் தஞ்சாவூர்க்காரரும் உண்டு. ஊரில் வீடு கட்டவும் தங்கையின் திருமணத்துக்கும் பணம் அனுப்புகிறவர்கள். கோடையில் அவசரப்பட்டுச் செய்த களத்தில் பூச்சும் நில்லாது, செய்தவர் உடலும் தாங்காது. ஆகவே வேலைக்குரிய காலத்தை நாள்காட்டியில் குறிக்கும்போதே இவ்விரண்டையும் காக்கலாம். அங்குக் களம் கேட்டு வந்தவர்களிடமெல்லாம், திறப்பு விழா நாளைக் குறிக்குமுன் குளிர்காலம் எப்போது தொடங்குகிறது என்று பாருங்கள் என்றே சொல்லி வந்தேன். கேட்டவர்கள் பலர்; கேளாதவர்களும் உண்டு. எவர் களம் எது என்பதை இரண்டாண்டு கழித்துத் தரையைப் பார்த்தாலே சொல்லிவிடலாம்.