தோட்டத்துக்குள் ஒரு தோட்டம்



உள்ளே வரும்போது கோயில் மண்டபத்து வாசலில் விரித்திருந்த சாக்குகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். போஞ்சி விதை, மொச்சை, பூசணி, ஒரு கிண்ணத்தில் காயவைத்த மரத்தக்காளி விதை, ஈரத்துணியில் சுற்றிய வல்லாரைக் கொடி, முளைவிட்ட சவ்சவ் காய்கள். ஓர் அக்கா கையில் இருந்த அவரை விதையைக் காட்டி, "இது எங்க அம்மாயி கொடுத்த வித்து, நாலு வீடு மாறி வந்திருக்கேன், இதை மட்டும் விடல" என்றார். நான் பேச எழுதி வந்ததில் பாதியை அந்த இடத்திலேயே மாற்றிவிட்டேன்.

நம் மலையகத்தில் "தோட்டம்" என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான். "நீங்க எந்தத் தோட்டம்?" என்று கேட்டால் ஒரு கம்பனிக்குச் சொந்தமான தேயிலைக் காணியின் பெயரைச் சொல்கிறோம். யாழ்ப்பாணத்தில் ஒருவர் "தோட்டத்துக்குப் போறன்" என்றால், தன் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் தண்ணீர் இறைக்கப் போகிறார் என்று பொருள். அங்கே தோட்டம் மனிதனின் கையில் இருக்கிறது. இங்கே மனிதர் தோட்டத்தின் கையில் இருந்தோம். இரண்டு நூற்றாண்டு தோட்டத்தில் வாழ்ந்த நமக்கு, நமது என்று சொல்ல ஒரு தோட்டம் இருக்கவில்லை. இன்றைய கூட்டத்தை நான் அந்தக் குறையோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன்.

என் அம்மாவுக்கு லயத்து வரிசை வீட்டின் பின்புறம், தண்ணீர் ஓடும் கானுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு துண்டு நிலம் இருந்தது. அகலம் இரண்டு முழம்கூட இராது. காலையில் பேர் கொடுக்கும் பிரட்டுக்குப் போகும் முன் ஒரு தடவை, கொழுந்து நிறுத்து வீடு வந்தபின் ஒரு தடவை அதில் கை வைப்பார். அடுப்புச் சாம்பல், மாட்டு எரு, காம்பராவைக் கூட்டிய குப்பை எல்லாம் அதற்குத்தான். போஞ்சி காய்க்கும் மாதங்களில் எங்கள் வீட்டில் கறிக்குப் பஞ்சம் இல்லை. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்க்கிறேன், கொடிகள் பிடுங்கப்பட்டுக் கானில் கிடக்கின்றன. அந்த இடத்தில் பயிர் வைக்க அனுமதி இல்லை என்று சொன்னார்களாம். எந்தத் தோட்டம், யார் சொன்னது என்று இங்கே விசாரிக்க நான் வரவில்லை. அடுத்த மழைக்கு அம்மா அதே இடத்தில் மறுபடியும் விதை ஊன்றினார். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நிலம் என்ற பேச்சு நமக்கு இலேசான பேச்சு அல்ல. 1977 மே 11 ஆம் திகதி டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் துப்பாக்கிச் சூட்டில் விழுந்தார். நுவரெலியா மாவட்டத்தில் தோட்டங்களின் 7,000 ஏக்கரை எடுத்து வெளியாருக்குப் பிரித்துக் கொடுக்கும் முயற்சியை எதிர்த்து நம் மக்கள் நின்ற போராட்டம் அது. அந்தப் பெயரைச் சொல்லாமல் இந்த மலையில் நிலத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

சரி, இப்போது கையில் இருப்பதைப் பார்ப்போம். புதிய தனி வீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் காணி என்றார்கள். ஏழு பேர்ச்சஸ் என்றால் ஏறக்குறைய 1,900 சதுர அடி. அதில் வீடு 550 சதுர அடி. 2017 இல் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தபோது அந்த மைதானத்தில் நானும் கூட்டத்தோடு நின்றேன். வீடு, பாதை, கழிப்பறைக் குழி எல்லாம் போக, எண்ணூறு சதுர அடியாவது மிஞ்சும் என்று வையுங்கள். என் அம்மாவின் துண்டு நிலத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல் அது. இன்னும் பெரும்பாலானோர் லயத்தில்தான் இருக்கிறோம், எனக்குத் தெரியும். அவர்களுக்கு லயத்தின் ஓரம் இருக்கிறது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவின் பக்கத்துத் தரிசு இருக்கிறது, பாடசாலை வளவு இருக்கிறது, இந்தக் கோயில் காணி இருக்கிறது. தனியாக இடம் இல்லாதவர்கள் சேர்ந்து பயிர் செய்ய இவை போதும்.

ஆனால் இடம் மட்டும் இருந்தால் போதாது, கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். உண்மைதான். யாருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஹக்கல தாவரவியல் தோட்டம் 1861 இல் ஆரம்பமானது. சிங்கோனாவை இந்த மலையில் வளர்க்க முடியுமா என்று பரீட்சித்து, கன்றுகளைத் துரைமாருக்குக் கொடுக்கத்தான் அது எழுந்தது. கோப்பி இலைத்துரு நோயில் அழிந்து, தேயிலை மலையெல்லாம் பரவியபின், 1925 இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் வந்தது. இன்றும் தலவாக்கலை செயின்ட் கூம்ஸில் இருக்கிறது. செடிக்கு நோய் வந்தால் கேட்க இடம், மண்ணைப் பார்க்க ஆய்வுகூடம், புதிய ரகம் உண்டாக்க விஞ்ஞானி. எல்லாம் செடிக்கு இருந்தது. அந்தச் செடியின் தூரில் குனிந்து நின்றவருக்கு, தன் வீட்டுக் கோவாக் கன்று ஏன் வாடுகிறது என்று கேட்க ஓரிடம் இருக்கவில்லை.

அதனால் நமக்கு ஒன்றும் தெரியாது என்று அர்த்தமா? இல்லவே இல்லை. கவ்வாத்து வெட்டிய மலைக்கு டொலமைட் தூவியிருக்கிறீர்கள்தானே? எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள். ஆமாம், கிட்டத்தட்ட எல்லோரும். எதற்குத் தூவுகிறோம் என்று யாராவது சொன்னார்களா? நம் மலை மண் புளித்த மண். தேயிலைக்குப் புளிப்பு வேண்டும், மண்ணின் அமிலக் கணக்கு நாலரைக்கும் ஐந்தரைக்கும் இடையில் இருந்தால் அது செழிக்கும். வருடாவருடம் போடும் உரத்தால் அந்தப் புளிப்பு எல்லை மீறிப் போகும்போது, அதைத் தணிக்கத்தான் டொலமைட். மரக்கறிக்கோ ஆறு, ஆறரை வேண்டும். அப்படியானால் தேயிலை பிடுங்கிய இடத்தில் கெரட் போட்டால் நூலாக ஏன் போகிறது, பீட்ரூட் ஏன் திரளவில்லை என்பது இப்போது புரிகிறதா? மலையில் பிறருக்காகத் தூவிய அதே டொலமைட்டைப் பாத்தி எடுக்கும்போது நம் மண்ணில் கலந்து சில வாரம் விட வேண்டும். அளவு மண்ணைச் சோதித்துத்தான் தெரியும், கண்ணை மூடிக்கொண்டு கொட்டக் கூடாது.

கோவா நட்டவர்களுக்கு இன்னொன்று. வெயிலில் செடி துவண்டு, பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் கட்டி கட்டியாக வீங்கியிருக்கும். நுவரெலியாப் பக்கம் இது பழைய தொல்லை. இதை உண்டாக்கும் கிருமி புளித்த மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும், மண்வெட்டியில் ஒட்டிய மண்ணோடு அடுத்த பாத்திக்குப் போகும். கோவா எடுத்த பாத்தியில் மறுபடி கோவா, நோகோல், முள்ளங்கி எதுவும் வேண்டாம். போஞ்சி போடுங்கள், உருளைக்கிழங்கு போடுங்கள். மண்வெட்டியைக் கழுவுங்கள். பீலியில் இரண்டு நிமிட வேலை.

சரிவில் மழைநீர் மண்ணை அள்ளிக்கொண்டு போகாமல் இருக்கக் குறுக்கே கான் வெட்டி, கானுக்குள் இடைவெளி விட்டுக் குழி வைத்து வண்டலைப் பிடிக்க நமக்குத் தெரியும். தேயிலை பிடுங்கிய மலையில் குவாத்தமாலா புல்லும் மானாப்புல்லும் வைத்து ஒன்றரை, இரண்டு வருடம் மண்ணைத் தேற்றியதும் நாம்தான். தவறணையில் ஓர் இலையோடு ஒரு கணு வெட்டி, பையில் ஊன்றி, நிழல் கொடுத்து வேர் பிடிக்க வைத்த விரல்கள் இந்த மண்டபத்தில் எத்தனை! ஒரு விவசாயக் கல்லூரி மாணவர் பல மாதம் பழக வேண்டிய கைவேலை இது. கைக்குத் தெரிந்தது அத்தனையும் சம்பளத்துக்காகத் தெரிந்தது. காரணம் சொல்லப்படாமல் தெரிந்தது. இனி நமக்கு வேண்டிய வகுப்பு, காரணத்தைச் சொல்லும் வகுப்பு.

அது எப்படி இருக்க வேண்டும்? 1989 இல் இந்தோனேசியாவில், நெல்லைத் தத்துப்பூச்சி தாக்கி அழித்த அனுபவத்துக்குப் பின், ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனத்தோடு சேர்ந்து வயல் பள்ளி என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். கரும்பலகை இல்லை. ஊரில் இருபது, இருபத்தைந்து பேர் வாரம் ஒரு காலை ஒரே வயலுக்குப் போவார்கள். குனிந்து பார்த்து, எந்தப் பூச்சி பயிரைத் தின்கிறது, எந்தப் பூச்சி அந்தப் பூச்சியைத் தின்கிறது என்று எண்ணுவார்கள், படம் வரைவார்கள், மருந்து அடிப்பதா வேண்டாமா என்று தங்களுக்குள் விவாதித்து முடிவெடுப்பார்கள். ஒரு போகம் முழுதும் அப்படி. அங்கிருந்து எத்தனையோ நாடுகளுக்குப் போனது அந்த முறை. நமக்கு ஏற்ற முறை இதுதான் என்பது என் துணிபு. நம் பெண்களுக்குச் செடிக்கு நேரே குனிந்து பார்க்கும் கண் பழகியிருக்கிறது. அந்தக் கண்ணைக் கதிரையில் உட்காரவைத்துத் திரை காட்டுவதால் என்ன பயன்?

வகுப்பு நடக்கும் நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருக்க வேண்டும். 2022 இல் நாடு பட்டினியை எட்டிப் பார்த்த நேரம், வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தார்கள். அந்த வருடம் செப்டம்பரில் கொழும்புக் கணக்கில் உணவுப் பொருள் விலை ஒரு வருடத்தில் ஏறத்தாழ இரட்டிப்பாகியிருந்தது, 94.9 சதவீதம். கொழுந்து எடுத்தால்தான் பேர் விழும், சம்பளம் வரும் என்றிருந்த நமக்கு அந்த வெள்ளிக்கிழமை இருக்கவில்லை. எனவே வார நாளில் வகுப்பு வைத்துவிட்டு "தோட்டத்து ஆட்கள் வரவில்லை" என்று யாரும் பதிவேட்டில் எழுத வேண்டாம். வகுப்பு தமிழில் நடக்க வேண்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும். கற்பது கட்டளையாக வரக் கூடாது. 2021 மே மாதத்தில் ஒரே அறிவித்தலில் இரசாயன உரத்தை நிறுத்தி, எல்லோரும் சேதன விவசாயத்துக்கு மாறுங்கள் என்றார்கள். நவம்பரில் அதைத் திரும்ப எடுத்தார்கள். கூட்டெரு நல்லது, கிளிசிரிடியா இலையும் சாணமும் மண்ணுக்கு உயிர், நான் மறுக்கவில்லை. எரு உக்குவதற்கே மாதங்கள் ஆகும். கற்கவும் அவகாசம் வேண்டும்.

விதையைப் பற்றி ஒரு வார்த்தை, இன்று அதற்காகத்தானே கூடினோம். கெரட், கோவா, லீக்ஸ் விதையெல்லாம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து தகரத்தில் வருகிறது. ஒவ்வொரு முறையும் காசு கொடுத்து வாங்க வேண்டும். போஞ்சி, மொச்சை, தக்காளி அப்படி அல்ல. நல்ல கொடியை அடையாளம் வைத்து, முதல் தரமான காய்களை ஆசைப்பட்டுப் பறித்துவிடாமல் கொடியிலேயே முற்றவிட்டு எடுத்தால் அடுத்த போகத்துக்கு விதை நம் வீட்டில். பூசணி மட்டும் கவனம். பக்கத்து வீட்டுப் பூசணியோடு தேனீ கலந்துவிடும், அம்மாவின் பூசணி பிள்ளையிடம் வேறு பூசணியாக வரும். அந்த அவரை விதை அக்காவைக் கேட்டுப் பாருங்கள், இதைவிடத் தெளிவாகச் சொல்வார். அடுத்த கூட்டத்தில் மேடையில் நிற்க வேண்டியவர் அவர். கென்யாவில் 1977 இல் வங்காரி மாத்தாய் அம்மையார் பசுமைப் பட்டி இயக்கத்தைத் தொடங்கியபோது, மரக்கன்று வளர்க்கப் படித்த வனத்துறையினர் வேண்டும் என்றார்கள். கிராமத்துப் பெண்கள் உடைந்த சட்டிகளில் விதை போட்டு, தங்களுக்குத் தெரிந்தபடி தவறணை வைத்து, கோடிக்கணக்கில் மரங்களை வளர்த்தார்கள். அதுவும் தேயிலை விளையும் நாடுதான்.

மேடையில் இருக்கும் பிரதேச சபை உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள் சபையின் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்தது. 2018 இல் அது திருத்தப்பட்டுவிட்டது. இனிச் சட்டம் இடம் கொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. பிள்ளைக் காம்பராவின் மேற்பக்கத் தரிசுக்குத் தோட்ட நிர்வாகத்தோடு பேசி எழுத்தில் அனுமதி வாங்கித் தாருங்கள். ஒரு தண்ணீர்க் குழாயும், காட்டுப்பன்றி வராமல் ஒரு வேலியும் போட்டுத் தாருங்கள். பிடுங்கி எறிய முடியாதபடி கடதாசியில் இருக்க வேண்டும், அதுதான் முதல் வேலை. விவசாயப் போதனாசிரியர் ஐயா மாதம் ஒரு ஞாயிறு தருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார், அவருக்கு நம் நன்றி. இடையில் சந்தேகம் வந்தால் 1920 என்ற இலக்கத்துக்கு எடுங்கள், விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனைச் சேவை அது. தமிழில் கேளுங்கள், தமிழில் பதில் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

தாய்மார்களே, அடுத்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு இதே மண்டபம். வரும்போது உங்கள் பாத்தியின் நாலு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு பிடி மண் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, ஒரு பையில் பெயர் எழுதிக் கொண்டு வாருங்கள். எல்லாவற்றையும் சேர்த்துச் சோதனைக்கு அனுப்புவோம். வீட்டில் பிள்ளை இருந்தால் அதன் கையையும் பிடித்துக் கூட்டி வாருங்கள்.