யாரு மவ? – ஒரு விண்வெளிக் கதையும் அதன் ரசிகர்களும்

(பாவூர்சத்திரத்தில் மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேசும்போது விட்டுப்போன சில வருடங்களும் பெயர்களும் எழுதும்போது சேர்க்கப்பட்டுள்ளன.)



இன்னிக்கு 'ஸ்டார் வார்ஸ்' படத்தைப் பத்திப் பேசப்போறேன்னு சொன்னதும் முன்வரிசையில இருக்கிற அண்ணன் ஒருத்தர் சிரிச்சாவ. "நாங்குநேரியில கூடப் படிச்ச பயலுவளே வீடு புகுந்து ஒரு மாணவனை வெட்டுனானுவ. நீ ஆகாயத்துல பறக்கிற கப்பலைப் பத்திப் பேச வந்துருக்கியே" என்று கேட்டாவ. நியாயமான கேள்விதான். பேசி முடிக்கிறதுக்குள்ள அதுக்கு என்னால முடிஞ்ச பதிலைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நம்ம ஊர்க் கேள்வியிலிருந்து ஆரம்பிப்போம். டீக்கடையில் புதுசா ஒரு ஆள் வந்து உட்கார்ந்தால் மூன்று கேள்வி வரும். எந்த ஊரு? எந்தத் தெரு? யாரு மவன்? மூன்றும் ஒரே கேள்விதான். நான் வேலை பார்த்த ஒரு வங்கிக் கிளையில், காய்கறிப் பணத்தைக் கட்டவந்த பெரியவர் ஒருவர் இந்த மூன்றையும் சிரித்த முகத்தோடு என்னிடம் கேட்டார். நானும் சிரித்த முகத்தோடு தெருப் பேரைச் சொன்னேன். பாஸ்புக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு அடுத்த கவுண்டருக்குப் போய்விட்டார். அந்த வரிசை என்னுடையதைவிட நீளம். அரைமணி நேரம் நின்றார். என் கையில் பணம் கொடுக்காமலிருக்க அரைமணி நேரம் கால்கடுக்க நிற்கத் தயாராக இருந்தார்.

இதே 'யாரு மவ' என்ற கேள்வியை வைத்து உலகம் பூராவும் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். அது 2017இல் வந்த 'தி லாஸ்ட் ஜெடை' என்ற படத்துக்காக. கல்லூரியில் படிக்கிற என் அக்கா மகன்தான் குற்றால சீசனில் மழைக்கு வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஒரு வாரத்தில் அத்தனை பாகங்களையும் எனக்குக் காட்டினான்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜார்ஜ் லூகாஸ் எடுத்த முதல் படம் 1977இல் வந்தது. பாலைவனக் கோளில் மாமா வீட்டில் விவசாயம் பார்க்கிற லூக் என்ற பையன் ஒரு கொடுங்கோல் பேரரசை எதிர்த்துக் கிளம்புகிறான். பிரபஞ்சம் முழுக்க நிறைந்திருக்கிற 'ஃபோர்ஸ்' என்ற ஆற்றலைக் கற்றுக்கொள்கிறான். அந்த ஆற்றலைப் பயின்ற ஒளிவாள் வீரர்கள்தான் ஜெடைகள். 1980இல் வந்த இரண்டாம் படத்தில், வில்லன் டார்த் வேடரே லூக்கின் அப்பன் என்று தெரிகிறது. 1983இல் இளவரசி லேயா அவன் கூடப்பிறந்தவள் என்று தெரிகிறது. ஊர்ச்சண்டையாக ஆரம்பித்தது பங்காளிச் சண்டையாக முடிகிறது. நமக்குப் பழக்கமான கதைதான். மகாபாரதம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

1999இல் முன்கதை எடுத்தார்கள். அதில் ஒரு அடிமைச் சிறுவன் வருகிறான். அவனிடம் ஆற்றல் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் தெரியுமா? ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். ரத்தத்தில் 'மிடிகுளோரியன்' என்ற நுண்ணுயிர் எத்தனை இருக்கிறது என்று கணக்குப் பார்க்கிறார்கள். இருபதாயிரத்துக்கும் மேலே! அவனை அழைத்துப் போகிறார்கள். அடிமையான தாயை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். அப்போது ரசிகர்கள் பலர் கோபப்பட்டார்கள். யாரும் கற்கலாம் என்றிருந்ததை ரத்தக் கணக்காக ஆக்கிவிட்டாயே என்றார்கள். நல்ல கோபம் அது.

2012இல் லூகாஸின் நிறுவனத்தை டிஸ்னி சுமார் 400 கோடி டாலருக்கு வாங்கியது. 2015இல் 'தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' வந்தது. இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கதாநாயகி ரே, உடைந்து கிடக்கிற போர்க்கப்பல்களில் பழைய இரும்பு பொறுக்கி, அதைக் கொடுத்து அன்றைய சோற்றை வாங்குகிறவள். ஃபின் என்ற கறுப்பு இளைஞன், குழந்தையிலேயே குடும்பத்திலிருந்து பிடுங்கி வரப்பட்ட படைவீரன். அவனுக்குப் பேர் கிடையாது, எண்தான். எதிரிகளின் கோட்டையில் நீ என்ன வேலை பார்த்தாய் என்று கேட்கிறார்கள். துப்புரவு வேலை என்கிறான். அதை நகைச்சுவையாகத்தான் வைத்திருக்கிறார்கள். என் அக்கா மகனும் சிரித்தான். சிரித்துவிட்டு என்னைப் பார்த்தான். பிறகு சிரிக்கவில்லை.

ரேயின் அப்பா அம்மா யார் என்று அந்தப் படம் சொல்லவில்லை. இரண்டு வருடம் ரசிகர்கள் இதையே பேசினார்கள். லூக்கின் மகளாக இருக்கும், இன்னொரு ஜெடையின் பேத்தியாக இருக்கும், பேரரசன் பால்பட்டீனின் வாரிசாகவும் இருக்கலாம் என்று ஆளுக்கொரு குலவரிசை போட்டார்கள். இவ்வளவு ஆற்றல் இருக்கிறதே, ஏதாவது பெரிய வீட்டுப் பிள்ளையாகத்தானே இருக்கவேண்டும்? கேள்விக்குள்ளேயே பதில் இருந்தது.

2017 டிசம்பரில் ரியன் ஜான்சன் எழுதி இயக்கிய 'தி லாஸ்ட் ஜெடை' வந்தது. பதில் கிடைத்தது. அவள் அப்பா அம்மா யாரும் இல்லை. பழைய சாமான் விற்றவர்கள், குடிக்கிற காசுக்காகப் பெற்ற மகளை விற்றவர்கள், காசில்லாதவர்களைப் புதைக்கிற குழியில் கிடக்கிறவர்கள். இதை அவளிடம் சொல்கிறவன் டார்த் வேடரின் பேரன் கைலோ ரென், தாத்தாவின் எரிந்துபோன தலைக்கவசத்தை வைத்துக் கும்பிடாத குறையாகப் பேசியவன். ஆண்ட பரம்பரைப் பிள்ளை. அவன் சொல்கிற விதத்தைக் கவனியுங்கள். நீ ஒன்றுமில்லாதவள், ஆனால் எனக்கு அப்படி இல்லை, என்னோடு வந்துவிடு என்று கையை நீட்டுகிறான். நம்மில் வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் குரல் தெரியும். "உங்க ஆளுங்க மாதிரி இல்ல சார் நீங்க" என்று அலுவலகத்தில் தோளில் கைபோட்டுச் சொல்வார்களே, அதே குரல். ரே அந்தக் கையைப் பிடிக்கவில்லை. ஒன்றுமில்லாதவளாகவே நின்று சண்டை போடுகிறாள்.

அந்தப் படத்தின் கடைசிக் காட்சியில் குதிரைலாயம் மாதிரி ஒரு இடம் வருகிறது. அங்கே வேலை செய்கிற பேர் தெரியாத சின்னப் பையன் வெளியே வருகிறான். சுவரில் சாய்ந்திருக்கிற துடைப்பத்தை நோக்கிக் கை நீட்டுகிறான். துடைப்பம் தானாக அவன் கைக்கு வருகிறது. கொஞ்சம் பெருக்கிவிட்டு, நட்சத்திரங்களைப் பார்த்து, துடைப்பத்தை ஒளிவாள் மாதிரிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். படம் முடிகிறது. துடைப்பத்தை நம் தலையெழுத்து என்று கையில் திணித்த சமூகத்திலிருந்து இதைப் பார்க்கிறவனுக்கு என்ன தோன்றும்? எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது ரசிகர்களுக்கு வருவோம். விமர்சகர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பாராட்டினார்கள். தியேட்டர் வாசலில் கருத்துக் கேட்கிற சினிமாஸ்கோரில் 'ஏ' கிடைத்தது. ஆனால் ரோட்டன் டொமேட்டோஸ் தளத்தில் ரசிகர் மதிப்பீடு பாதிக்கும் கீழே இறங்கியது. இந்தப் படத்தைக் கதை வரிசையிலிருந்தே நீக்கவேண்டும் என்று லட்சம் பேருக்கு மேல் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள்.

எதிர்த்தவர்கள் எல்லாரையும் ஒரே கட்டாகக் கட்டி ஆதிக்கவாதி என்று சொல்ல நான் வரவில்லை. அது சோம்பேறித்தனம். சின்ன வயதிலிருந்து நெஞ்சில் வைத்திருந்த லூக், மனமுடைந்த கிழவனாகி, நீட்டிய ஒளிவாளைத் தோளுக்குப் பின்னால் எறிகிறான் என்றால் வலிக்கத்தான் செய்யும். லூக்காக நடித்த மார்க் ஹாமிலே இயக்குநரோடு தனக்குக் கருத்து வேறுபாடு உண்டு என்று வெளிப்படையாகச் சொன்னவர்தான். சூதாட்ட நகரக் காட்சிகள் இழுவை என்றவர்களோடு எனக்கும் உடன்பாடு. ஃபின்னை ஓரங்கட்டிவிட்டார்கள் என்றவர்கள் சொன்னதும் சரிதான். ஃபின்னாக நடித்த ஜான் போயேகா 2020இல் அதைப் பேட்டியிலேயே சொன்னார்.

ஆனால் இன்னொரு கோபமும் இருந்தது. 2014இல் முன்னோட்டத்தில் போயேகாவின் முகம் வெள்ளைக் கவசத்துக்குள்ளிருந்து வெளிப்பட்ட அன்றே, கறுப்பன் எப்படி அந்தப் படைவீரனாக இருக்கலாம் என்று ஆரம்பித்த கோபம். 2017இல் ரோஸ் என்ற பராமரிப்புத் தொழிலாளியாக வியட்நாமிய அமெரிக்கப் பெண் கெல்லி மேரி ட்ரான் நடித்தார். அவருடைய முகத்தையும் இனத்தையும் பெண்மையையும் மாதக்கணக்கில் ஏசினார்கள். 2018 ஜூனில் அவர் இன்ஸ்டாகிராமில் போட்டிருந்த அத்தனையையும் அழித்துவிட்டார். ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். அந்த வசவுகள் வலித்ததற்குக் காரணம், சிறுவயதிலிருந்தே சமூகம் தனக்குச் சொல்லிவந்ததை அவை உறுதிசெய்வதுபோல் இருந்ததுதான் என்ற பொருளில் எழுதியிருந்தார். இது நமக்கு மொழிபெயர்க்க வேண்டிய அனுபவமா தோழர்களே?

இரும்பு பொறுக்குகிறவள், துப்புரவு வேலை பார்த்தவன், குழாய்ப் பராமரிப்புக்காரி, பெருக்குகிற பையன். இவர்கள் கதையின் ஓரத்தில் நின்றவரை ஒருத்தருக்கும் தொந்தரவில்லை. நடுவில் வந்து உட்கார்ந்ததும் கதை கெட்டுப்போச்சு என்றார்கள்.

பிறகு என்ன நடந்தது? 2019 டிசம்பரில் 'தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்' வந்தது. ரே யாருமற்றவர்களின் மகள் இல்லை, பேரரசன் பால்பட்டீனின் பேத்தி என்றார்கள். குடிக்காக விற்ற பெற்றோர், மகளைக் காப்பாற்ற மறைந்து வாழ்ந்த தியாகிகள் ஆனார்கள். ரோஸ் கண்ணில் படுவதே அபூர்வமானது. கடைசியில் உன் குடும்பப் பேர் என்ன என்று ஒரு கிழவி பாலைவனத்தில் கேட்கிறாள். பார்த்தீர்களா, அங்கேயும் யாரு மவ! 'ஸ்கைவாக்கர்' என்று லூக்கின் குடும்பப் பேரைச் சொல்கிறாள் ரே. விமர்சகர்களில் பாதிப்பேர்தான் ஏற்றார்கள். ரசிகர் மதிப்பீடோ 80க்கும் மேலே போனது. குலம் கிடைத்ததும் நிம்மதி.

இப்போது நம்ம பக்கம் வருவோம். 1992இல் ஒரு படம் வந்தது. தலைப்பே 'யாரு மகன்' என்ற கேள்விக்குப் பதில்: 'தேவர் மகன்'. அதில் வடிவேலு நடித்த இசக்கி பெரிய வீட்டுக்கு ஊழியம் செய்து கையை இழக்கிறான். அந்தப் படம் தன்னை எவ்வளவு அலைக்கழித்தது என்றும், அந்த இசக்கிதான் தன்னுடைய மாமன்னன் என்றும் மாரி செல்வராஜ் 2023 ஜூனில் கமல்ஹாசனை மேடையில் வைத்துக்கொண்டே சொன்னார். 'மாமன்னன்' ஒருவகையில் ஓரத்தில் நின்றவன் எழுதிய இரண்டாம் பாகம். அதற்கும் ரசிகர்கள் இரண்டுபட்டார்கள். நன்றிகெட்டவன் என்று ஒரு கூட்டம் ஏசியது. படம் ஜூலையில் நெட்ஃபிளிக்ஸில் வந்ததும் இன்னொன்று நடந்தது. நாயை அடித்துக் கொல்கிற ஆதிக்கசாதி வில்லன் ரத்னவேலுவின் காட்சிகளை வெட்டியெடுத்து, சாதிப் பாட்டை ஒட்டி, அவனை நாயகனாக்கிப் பரப்பினார்கள்.

முன்வரிசை அண்ணனுக்கு இதுதான் என் பதில். அந்த வீடியோக்கள் கைப்பேசிகளில் ஓடிக்கொண்டிருந்த அதே ஆகஸ்டில்தான் நாங்குநேரி நடந்தது. ஒன்றால் மற்றது நடந்தது என்று நான் சொல்லவில்லை. இரண்டும் ஒரே மண்ணில் முளைத்தவை என்று சொல்கிறேன். நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளி மாணவர்கள் சாதி காட்டும் கயிறு கட்டக்கூடாது என்று 2024இல் பரிந்துரைத்தது. கயிறு கையில் ஏறுவதற்கு முன்னால் ஒரு கதை மண்டையில் ஏறியிருக்கிறது, அண்ணே. அதைப் பேசாமல் கயிற்றை மட்டும் அறுக்க முடியாது.

கடைசியாக ஒன்று. இது நமக்கு. கோபப்படாதீர்கள்.

எனக்கு இந்தப் படங்களைக் காட்டிய என் அக்கா மகன், ரேயைப் பேத்தியாக்கியதற்கு என்னைவிட அதிகமாகக் கோபப்பட்டான். மறுநாள் அவன் பைக்கைப் பார்த்தேன். பின்னால் ஸ்டிக்கர்: 'ஆண்ட பரம்பரை'. நம்ம தெரு ஃப்ளெக்ஸ் பலகைகளிலும் இப்போது சிம்மாசனமும் வாளும் வந்துவிட்டன. ஏன் வருகிறது என்று எனக்குத் தெரியும். தலைமுறை தலைமுறையாக ஒன்றுமில்லாதவன் என்று சொல்லப்பட்டவன், நானும் ராசாதாம்ல என்று சொல்கிறான். அந்த வலி பொய்யில்லை.

அயோத்திதாசரும் நமக்குப் பூர்வ வரலாறு எழுதினாரே, அம்பேத்கரும் தீண்டப்படாதோர் ஒருகாலத்தில் பௌத்தர்கள் என்று 1948இல் எழுதினாரே என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவேண்டும். என் புரிதல் இது: அவர்கள் தேடியது பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிக்காத ஒரு அறத்தை, சிம்மாசனத்தை இல்லை. ஆண்டவன் பேரன் என்று சொல்லும்போது, ஆளப்பட்டவன் பேரன் கீழே என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். கேள்வி அவனுடையது. பதிலை மட்டும் மாற்றி எழுதுகிறோம். ரே செய்ததும் அதுதான்.

ஸ்டிக்கரைப் பற்றி அவனிடம் கேட்டேன். "அப்போ நாம யாருன்னு எழுத, மாமா?" என்றான். எனக்கு உடனே பதில் வரவில்லை. கவிதை எழுதுகிறவன் என்று பேர்.

யோசித்துப் பார்த்தேன். எங்க அம்மை பீடி சுத்தினா. அவ அம்மை அடுத்தவன் வயலில் நாத்து நட்டா. அதுக்கு மேல ஒரு பேரும் எங்களுக்குத் தெரியாது. எழுதி வைக்க யாருமில்லை. அந்தத் தெரியாத இடத்தில் ஒரு ராசாவைக் கொண்டுவந்து உட்காரவைக்க எனக்கு மனசில்லை. அங்கே இருந்தவர்கள் வேலை செய்தவர்கள், பசித்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள். அவர்களை நான் ஏன் வெளியேற்ற வேண்டும்? அடுத்த தடவை கவுண்டரில் ஒருத்தர் யாரு மவன் என்று கேட்டால், பீடி சுத்தினவ மவன் என்று சொல்லிவிட்டு பாஸ்புக்குக்குக் கையை நீட்டப்போகிறேன்.

இதை அவனிடம் சொன்னேன். "நல்லாத்தான் இருக்கு மாமா, ஆனா ஸ்டிக்கர்ல எப்படி எழுத?" என்றான். ஸ்டிக்கர் இன்னும் பைக்கில்தான் இருக்கிறது. உங்களிடம் பதில் இருந்தால் சொல்லுங்கள், பேசுவோம்.

ஜெய்பீம்.