வீடு ஆபத்தாக இருந்தால் 11 மாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டுமா?

செயலாளர் ஐந்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படுக்கையறை சீலிங்கில் பூச்சு பெயர்ந்து கம்பி தெரிகிறது. ஓனர், "மேல்வீட்டுக் கசிவுக்கு நான் என்ன செய்ய? இடையில் காலி செய்தால் அட்வான்ஸ் கிடையாது" என்கிறார். அதற்குப் பயந்து அந்த அறையில் குழந்தையைப் படுக்கவைக்க வேண்டியதில்லை.

2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டப்படி, கட்டடத்தின் பெரிய பழுதுகள் உரிமையாளர் பொறுப்பு. (குழாய் வாஷர், சுவிட்ச் நம் செலவு, அதற்கெல்லாம் ஓனரைக் கூப்பிடாதீர்கள்!) சரிசெய்யும்படி எழுத்தில் கேட்டும் அவர் மறுத்து, வீடும் குடியிருக்க லாயக்கற்றதாக இருந்தால், 15 நாள் எழுத்துப்பூர்வ நோட்டீஸ் கொடுத்துக் காலி செய்யலாம்.

எழுத்தில் என்பதுதான் முக்கியம். "படிக்கட்டில் பார்த்தபோது சொன்னேனே" என்பது பிறகு எடுபடாது. தேதியுடன் போட்டோ எடுங்கள். கடிதத்தை ஒப்புகையுடன் தபாலில் அனுப்பி, நகலைப் பத்திரப்படுத்துங்கள். சாவியை வாட்ச்மேனிடம் விட்டுப் போகாமல், ஓனரிடமே கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். அட்வான்ஸ் தகராறு வந்தால் அந்தக் காகிதங்கள்தான் பேசும்.

கடிதம் எழுதத் தயங்குபவர்கள் கூட்டம் முடிந்ததும் வாருங்கள், சேர்ந்தே எழுதிவிடலாம்.