பெயர் வாணிகம்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சேமிப்பும் சிக்கனமும் பற்றிப் பேசுவதாகவே செயலாளர் அவர்களுக்கு வாக்களித்திருந்தேன். சென்ற மாதம் நடந்த ஒரு சம்பவம் பொருளை மாற்றிவிட்டது. என் தமக்கையாரின் மகன் ஒரு கொப்பியைக் கொண்டுவந்து என்முன் வைத்தான். அதிலே வரிசையாக நாற்பது பெயர்கள். "மாமா, இவ்வளவும் என்ரை கையிலை இருக்கு. ஒண்டு நல்ல விலைப்பட்டாலே வீட்டு வேலையை முடிச்சுப்போடலாம். இன்னும் இருபது எடுக்கவேணும், ஒரு எண்பதினாயிரம் தருவீங்களோ?" என்றான். முப்பத்திரண்டு வருடம் கணக்கெழுதிப் பிழைத்தவன் நான். காணி விற்பவரை அறிவேன், மாடு விற்பவரை அறிவேன். பெயர் விற்பவரை அன்றுதான் கண்டேன். கோபித்து அனுப்பிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படிச் செய்யாமல் இருத்தி விசாரித்தது நல்லதாய்ப் போயிற்று. அவன் வயதினர் இச்சபையில் பலர் இருக்கிறீர்கள். இரண்டொருவரிடம் இப்படிக் கொப்பிகளும் இருக்கக்கூடும்.

இப்பெயர்கள் யாவை என்பதை முதலிற் சொல்லிவிடுகிறேன். அறிந்தவர்கள் பொறுத்தருள்க. இணையத்தோடு தொடுக்கப்பட்ட கணினிகளுக்கு இலக்கத்தாலான முகவரிகள் உண்டு. இலக்கங்களை மனிதர் நினைவில் வைத்திருத்தல் அரிது. ஆதலின் இலக்கத்துக்குப் பதிலாக வழங்கும் பெயரே ஆள்களப் பெயர். ஆரம்பத்தில், கலிபோர்ணியாவிலிருந்த ஸ்ரான்பர்ட் ஆராய்ச்சி நிலையத்தில், உலகத்துக் கணினிப் பெயரெல்லாம் ஒரே இடாப்பில் எழுதப்பட்டிருந்தன. இடாப்புப் பெருத்து, எழுதி மாளாது என்ற நிலை வந்தபோது, 1983ஆம் ஆண்டில் போல் மொக்கப்பெட்ரிஸ் என்பார் இன்று வழங்கும் முறையை வகுத்தார். 'டொட் கொம்' என முடியும் பெயர்களில் முதலாவது, சிம்பொலிக்ஸ் என்னும் அமெரிக்கக் கணினிக் கொம்பனியின் பெயர். பதிவான நாள் 1985 மார்ச் 15. அக்காலத்தில் பதிவுக்குக் கட்டணமே இல்லை. 1995 செப்டெம்பரிலேதான் இரண்டு ஆண்டுக்கு 100 டொலர் என்று அறவிடத் தொடங்கினர். இன்று 'டொட் கொம்' பெயர்கள் மாத்திரம் 15 கோடிக்கு மேல் உள்ளன. அவற்றின் மொத்த விலை ஆண்டுக்கு ஏறக்குறைய 10 டொலர். சில்லறையாக நம் கைக்கு வரும்போது நாலாயிரம் ரூபாவளவு ஆகிறது.

விதி இரண்டே. ஒரு பெயர் உலகம் முழுவதிலும் ஒருவருக்குத்தான். அதுவும் முந்திக் கேட்டவருக்கே. நீ யார், இப்பெயருக்கும் உனக்கும் என்ன உறவு என்று 'டொட் கொம்' பதிவிலே எவரும் கேட்பதில்லை. இந்த வாணிகம் முழுவதும் அவ்விரண்டு விதிகளின் நடுவே முளைத்தது.

'வாங்கினேன்' என்று என் மருமகன் சொன்னான். அது சரியான சொல்லன்று. உறுதி முடித்து வாங்கும் காணிபோல் இது நிலைப்பதில்லை, குத்தகைதான். ஒரே தடவையில் பத்து ஆண்டுக்குமேல் கட்டவும் விடமாட்டார்கள். கட்டத் தவறினால் சில கிழமைகள் தவணை கொடுத்துவிட்டுப் பெயரை வெளியே விடுவர். அந்த வினாடியிலேயே அதைக் கௌவிக்கொள்வதற்கென்று கணினிகளை ஏவிவிட்டுக் காத்திருக்கும் கொம்பனிகள் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு பழைய மாணவர் சங்கத்தின் பெயர் அவ்விதமே போயிற்று. பெயரைப் பதிந்த தனாதிகாரி கனடாவுக்குப் போய்விட்டார். நினைவூட்டும் கடிதங்கள் அவர் பாவிக்காத மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தன. இன்று அப்பெயரைத் தட்டினால் சூதாட்ட விளம்பரம் வருகிறது. நமது சங்கத்தின் பெயர் எவர் பேரில் இருக்கிறது, எப்போது தவணை முடிகிறது என்பதைப் புதிய நிருவாக சபையார் பார்த்துக்கொள்வார்களென்று நம்புகிறேன்.

நிற்க. இளைஞரை இத்துறைக்கு இழுப்பவை பெரிய விற்பனைக் கதைகள். 'வணிகம்' என்னும் பொருளுள்ள ஆங்கிலச் சொல்லோடு 'டொட் கொம்' சேர்ந்த பெயர் 1997இல் ஒன்றரை இலட்சம் டொலருக்கு விலைப்பட்டது. 1999இல் அதே பெயர் 75 இலட்சம் டொலருக்குப் போயிற்று. 'குரல்' எனப் பொருள்படும் பெயர் 2019இல் 3 கோடி டொலருக்கு விற்கப்பட்டது. இவை மெய்யே. ஆனால் சுவீப் ரிக்கற்றில் விழுந்தவரைத்தான் பத்திரிகையிற் படம் போடுவார்கள், விழாதவர்களைப் போடுவதில்லை. நூறு பெயர் வைத்திருப்பவர் வருடத்தில் ஒன்றோ இரண்டோ விற்றால் அது நல்ல வருடம் என்பது இத்துறையாரே சொல்லும் பேச்சு. கணக்கனல்லவா, அவனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். நாற்பது பெயருக்கு நாலாயிரம் வீதம் ஆண்டுக்கு ஓர் இலட்சத்து அறுபதினாயிரம். ஐந்து ஆண்டில் எட்டு இலட்சம். அதற்குள் ஒன்றும் விலைப்படாவிட்டால் கையில் மிஞ்சுவது கொப்பி.

பணக்கணக்கு அவ்வளவே. பிறகு, "பெயர்களை வாசி" என்றேன்.

இருபத்திரண்டு பெயர்கள் எல்லார் வாயிலும் வழங்கும் சொற்கள்: பனங்கட்டி, ஒடியல், கறுத்தக்கொழும்பான், இப்படியானவை. எல்லாம் ஆங்கில எழுத்தில். பதினொன்று ஆட்களுடையவும் கடைகளுடையவும் பெயர்கள். நமது சந்தியிலுள்ள புடவைக்கடை அதில் இருந்தது. ஒரு வைத்தியருடைய பெயர் இருந்தது. பரீட்சையில் அதிவிசேட சித்தியெய்திப் பத்திரிகையிற் படம் வந்த ஒரு பெண்பிள்ளையின் முழுப் பெயரும் இருந்தது. மிச்சம் ஏழும் என்னவென்று முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு பார்த்தால், ஒரு வங்கியின் பெயரும் வேறு சில பெரிய தாபனங்களின் பெயரும் ஓரெழுத்துப் பிழையாக எழுதப்பட்டிருந்தன. "ஆக்கள் அவசரத்திலை பிழையாத் தட்டினால் இங்கை வருவினம், மாமா. விளம்பரக் காசு கிடைக்கும்" என்றான். அவன் அதைக் களங்கமின்றித்தான் சொன்னான். அதுவே எனக்குப் பயத்தைத் தந்தது.

அந்த ஏழைப்பற்றி நெடுநேரம் பேசவில்லை. கண் தெரியாதவன் வழிதவறி வரும் இடத்திலே உண்டியல் வைப்பதற்கு வாணிகம் என்று பெயரில்லை. அமெரிக்காவிலே ஒருவர் சிறுபிள்ளைகள் விரும்பிப் பார்க்கும் தளங்களின் பெயரைப் பிழையெழுத்திற் பதிந்துவைத்து, வழிதவறி வந்த குழந்தைகளை ஆபாசப் படங்களுக்குத் திருப்பிவிட்டார். 2004இல் அவருக்கு முப்பது மாதச் சிறை விதித்தார்கள். அதைச் சொன்னவுடன் அவனே பேனாவை எடுத்து ஏழையும் வெட்டினான்.

பதினொன்றிலேதான் வாதம் மூண்டது. "அந்தக் கடைக்காரர் எடுக்கேல்லைத்தானே? முந்தினவனுக்குத்தானே உரிமை?" என்றான். இக்கேள்வியை உலகம் முன்னரே கேட்டுவிட்டது. 1995இல் ஓர் அமெரிக்கர் பனவிஷன் என்னும் திரைப்படக் கமராக் கொம்பனியின் பெயரைத் தாம் பதிந்துகொண்டார். இலினோய் மாநிலத்திலுள்ள பானா என்னும் ஊரின் படங்களை அதிற் போட்டுவைத்தார். கொம்பனி கேட்டபோது 13,000 டொலர் தந்தால் விடுவேன் என்றார். 1998இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு அமெரிக்கா இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றி, பெயரொன்றுக்கு 1,000 டொலர் முதல் 1,00,000 டொலர் வரை நட்டஈடு விதிக்க வழிசெய்தது. அதே 1999இல், பெயர் முறையை மேற்பார்க்கும் ஐகான் நிறுவனம் நீதிமன்றம் போகாமலே வழக்குத் தீர்க்கும் விதியை வகுத்தது. முறையிடுபவர் மூன்றை நிரூபிக்கவேண்டும்: பெயர் தமது வியாபாரக் குறியை ஒத்திருத்தல்; வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரித்து இல்லாமை; அவர் தீய எண்ணத்தோடு பதிந்து பாவித்திருத்தல். அவ்விதியின்கீழ் முதல் தீர்ப்பு 2000 ஜனவரியில், உலகப் புலமைச் சொத்து நிறுவனம் நியமித்த நடுவரால் வழங்கப்பட்டது. மல்யுத்தக் காட்சி நடத்தும் கொம்பனியொன்றின் பெயரைப் பதிந்தவர் மூன்றாம் நாளே அதே கொம்பனியிடம் 1,000 டொலருக்கு விலைபேசியிருந்தார். பெயர் கைமாறியது. இந்தியாவிலும் உயர் நீதிமன்றங்களைத் தாண்டி உச்ச நீதிமன்றமே, 2004இல் சத்தியம் இன்போவே வழக்கில், ஆள்களப் பெயருக்கும் வியாபாரக் குறிக்குரிய பாதுகாப்பு உண்டென்று தீர்த்திருக்கிறது.

ஆயினும் பெரியவன் கேட்டால் சின்னவன் கொடுத்துவிடவேண்டும் என்பதும் நியாயமன்று. நிசான் என்பது ஒருவருடைய குடும்பப் பெயர். அவர் வட கரோலினாவில் கணினி வியாபாரம் செய்தவர். 1994இல் தம் பெயரையே பதிந்தார். மோட்டார்க் கொம்பனி 1999இல் 1 கோடி டொலர் கேட்டு வழக்குப் போட்டது. வருடக்கணக்காக இழுபட்ட வழக்கிலே அவர் தம் பெயரைக் காப்பாற்றிக்கொண்டார், 2020இற் காலமானார். ஸ்ரிங் என்னும் பிரபல பாடகரும் 2000ஆம் ஆண்டில் தம் பெயரைக் கேட்டு முறையிட்டுத் தோற்றார். அது 'கொடுக்கு' எனப் பொருள்படும் பொதுச் சொல். அச்சொல்லை எவரும் வைத்திருக்கலாம் என்பது நடுவரின் கருத்து. இன்னொரு வழக்கு உண்டு. அதன் பெயரை இந்த மேடையிற் சொல்ல வாய் வராது. 1994இல் பதிந்தவரிடமிருந்து அடுத்த ஆண்டே வேறொருவர் கள்ளக் கடிதம் அனுப்பி அப்பெயரைத் தட்டிக்கொண்டார். 2003இல் தீர்ப்பளித்த அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம், கையில் தொடமுடியாத பெயரும் சொத்துத்தான், அதைத் திருடுவதும் திருட்டுத்தான் என்றது. இவ்வாணிகத்தையே சூது என்று தள்ளிவிடுவோர்க்கு நான் இத்தீர்ப்பைச் சொல்வதுண்டு.

ஆகவே அவனிடம் நான் கேட்டது இதுதான்: "இந்தப் பேரை உன்னிடம் வாங்க உலகத்தில் எத்தனை பேர் உண்டு?" பனங்கட்டியை வாங்க ஆயிரம் பேர் வரலாம், எவரும் வராமலும் போகலாம், விலை பிடிக்காதவன் வேறு சொல் தேடிக்கொள்வான். அந்தப் புடவைக்கடையின் பெயரை வாங்க ஒரேயொருவர்தான் இருக்கிறார். அவருக்கு வேறு வழியும் இல்லை. அங்கே விலைப்படுவது பெயரன்று, அவருடைய இக்கட்டு.

இருபத்திரண்டைப் பற்றியும் எனக்கு முழு நிம்மதி இல்லை என்பதை மறைக்கமாட்டேன். ஊர் நடுவே பற்றை வளர விட்டு விலை ஏறட்டும் என்று வேலி அடைத்து வைத்திருக்கும் காணிகளை நாம் அறிவோம். சட்டம் அதைத் தடுப்பதில்லை. காடு வெட்டியவனுக்காவது கையில் கொப்புளம் உண்டு. பெயர் பதிபவன் பத்து எழுத்துத் தட்டுகிறான், அவ்வளவே. மருமகன் சொன்ன மறுமொழியும் தள்ளத்தக்கதன்று. எந்தச் சொல் எப்போது வேண்டப்படுமென்று முன்கூட்டி எண்ணுவது அறிவு. விலைப்படுமோ என்று தெரியாமல் வருடாவருடம் காசு கட்டுவது துணிவு. நெல்லை வாங்கி அடைத்து வைப்பவனால் ஊர் பட்டினி கிடக்கும், சொல்லை அடைத்து வைப்பதால் எவர் பட்டினி என்கிறான். சரி. ஆனால் 2005இல் கத்ரினா என்னும் புயல் அமெரிக்காவில் நியூ ஓர்லியன்ஸ் நகரை அழித்தபோது, சில நாளுக்குள் அப்புயலின் பெயரோடு சேர்ந்த ஆள்களப் பெயர்கள் பெருந்தொகையாகப் பதிவாயின. சிலர் அவற்றை ஏலத்துக்கு விட்டனர். சிலர் உதவிப்பணம் சேர்ப்பதாக ஏமாற்றினர். அவையும் பொதுச் சொற்கள்தாம். சுனாமியைக் கண்ட நமக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

பெயரால் வரும் பொருள் எல்லாம் கெட்டதென்றும் கொள்ளவேண்டாம். பசிபிக் சமுத்திரத்திலே துவாலு என்றொரு சின்னஞ்சிறு நாடு. அதற்குக் கிடைத்த ஈரெழுத்து, தற்செயலாகத் தொலைக்காட்சியைக் குறிக்கும் எழுத்தாயிற்று. அதைப் பாவிக்கும் உரிமையை ஒரு கொம்பனிக்கு 12 ஆண்டில் 5 கோடி டொலர் என்று கொடுத்தார்கள். அதனால் வந்த பணத்தின் உதவியோடு 2000 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் சபையில் அங்கத்துவம் பெற்றார்கள். கரிபியன் கடலிலுள்ள அங்குவிலாத் தீவின் ஈரெழுத்து, செயற்கை நுண்ணறிவைக் குறிப்பதாக வாய்த்தது. 2023இல் மாத்திரம் ஏறக்குறைய 3 கோடி 20 இலட்சம் டொலர் அத்தீவுக்கு அதனால் வருமானம். நமது நாட்டுக்கும் 1990 தொடக்கம் ஈரெழுத்து உண்டு. 2010இல் 'இலங்கை' என்று தமிழெழுத்திலேயே முடியும் பெயருக்கும் வழி பிறந்தது. "நாற்பதில் ஒன்றுகூட ஏன் தமிழில் இல்லை?" என்று கேட்டேன். "விலைப்படாது, மாமா" என்றான். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

அந்தப் பெண்பிள்ளையின் பெயர் விஷயம் சொல்லி முடிக்கிறேன். அதை விட்டுவிடு என்று முதலிற் சொன்னேன். "நான் விட்டால் நாளைக்கே வேறை ஆரும் எடுப்பினம்" என்றான். அதுவும் உண்மை. ஆகவே பிள்ளையின் வீட்டுக்கு இருவருமாகப் போனோம். நாங்கள் வந்த காரியத்தைக் கேட்டதும் தகப்பனார் எழும்பி நின்றுவிட்டார். "என்ரை பிள்ளையின்ரை பேரை எடுக்க நீ ஆரடா?" என்று சத்தமிட்டார். மருமகன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நானும் பேசவில்லை, பேச என்ன இருக்கிறது? சற்றுப் பொறுத்துப் பிள்ளையே உள்ளிருந்து வந்து, எப்படி மாற்றி எடுப்பதென்று கேட்டது. அன்றிரவே சதமும் வாங்காமல் மாற்றிக் கொடுத்துவிட்டான். புடவைக்கடை முதலாளி, "எனக்கேன் தம்பி இது?" என்றார். ரொறன்ரோவிலிருக்கும் அவருடைய மகள் தொலைபேசியிற் சொன்ன பிறகு வாங்கிக்கொண்டு, பதிவுக்காசு நாலாயிரத்தையும் கொடுத்தார். மிச்சம் ஒன்பது பேரிலும் நால்வருக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். ஒருவர், எவ்வளவு கேட்கிறாய் என்று மறுமொழி அனுப்பியிருக்கிறார். நம்பமாட்டேன் என்கிறார்.

எண்பதினாயிரத்தை நான் இன்னும் கொடுக்கவில்லை. கொப்பியில் இருபத்திரண்டு பெயர்கள் இருக்கின்றன. கறுத்தக்கொழும்பானுக்கு ஆடி மாதம் தவணை. அதை மாத்திரம் எப்படியும் கட்டுவேன் என்கிறான், நான் மறுக்கவில்லை.