கைலி கட்டியவருக்குக் கதவை அடைப்பதா?

(‘ஆலயங்களில் உடைக் கட்டுப்பாடு பக்திக்குத் துணையா, தடையா?’ என்ற தலைப்பில் திருத்தங்கலில் நடந்த பட்டிமன்றத்தில், ‘தடையே’ என்ற அணியில் பேசியது)

நின்ற நாராயணப் பெருமாள் மலைமேல் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் இந்தத் திருத்தங்கல் மண். நான் பிறந்து வளர்ந்த ஊர் இது. அதனாலே கொஞ்சம் உரிமையோடதான் பேசுவேன்.

எதிரணித் தலைவர் அண்ணன் உட்காரும்போது ஒரு கேள்வியைப் போட்டுட்டு உட்கார்ந்தார். “ஸ்காட்லாந்திலே ஆம்பளைங்க கில்ட்டுன்னு கட்டம் போட்ட பாவாடை கட்டுறாங்க. நாளைக்கு ஒருத்தன் அதைக் கட்டிக்கிட்டு நம்ம மலையேறி வந்தா விட்டுடுவீங்களா?” அப்படின்னார். நீங்களும் நல்லாக் கைதட்டுனீங்க.

அண்ணே, கட்டம் போட்ட துணி. இடுப்பிலே ஒரு சுத்து. முழங்கால் வரைக்கும் வரும். இதை எங்கேயோ பார்த்திருக்கேனேன்னு யோசிச்சேன். இன்னிக்குக் காலையிலே லாட்ஜ் வாசல்லே நின்னு டீ குடிச்சீங்களே, அப்போ நீங்க கட்டியிருந்தது என்ன? (சிரிப்பு) மடிச்சுக் கட்டுன கைலிக்கும் கில்ட்டுக்கும் பெரிய தூரம் இல்லே. அவங்க கொசுவம் வச்சுத் தைச்சாங்க. நாம மூட்டி வச்சோம். அவ்வளவுதான்.

அங்கேயும் இதே சண்டை உண்டு. பைபிள்லே உபாகமம் 22-ஆம் அதிகாரம், 5-ஆம் வசனம். ஆண் உடையைப் பெண்ணோ, பெண் உடையை ஆணோ போடக்கூடாதுங்குது. அதை எடுத்துக் காட்டி, கில்ட்டு பாவாடை, பாவாடை பொம்பளை உடுப்பு, ஆகவே பாவம்னு சொல்றவங்க இருக்காங்க. நான் வசனத்தைக் குறை சொல்லலே. ஆனா அந்த வசனம் வந்த காலத்திலே ஆம்பளை எதைப் போட்டார்? மோசே பேண்ட்டும் பெல்ட்டுமா நிக்கிற படத்தை நீங்க யாராவது பார்த்திருக்கீங்களா? (சிரிப்பு) தோள்லேருந்து கணுக்கால் வரைக்கும் அங்கிதானே போட்டிருக்கார்? எது ஆம்பளைத் துணி, எது பொம்பளைத் துணின்னு வசனம் பட்டியல் போடலே. அதை அந்தந்த ஊர் முடிவு பண்ணுது. ஸ்காட்லாந்து ஊரு கில்ட்டை ஆம்பளைத் துணின்னு முடிவு பண்ணிடுச்சு. அப்புறம் நமக்கு என்ன?

அந்தக் கில்ட்டுக்கு ஒரு கதை இருக்கு. ஸ்காட்லாந்து மலைநாட்டுக்காரங்க அரசரை எதிர்த்துக் கலகம் பண்ணித் தோத்தாங்க. உடனே 1746-லே லண்டன் பார்லிமெண்ட் ஒரு சட்டம் போட்டுச்சு. அந்த மலைநாட்டு உடையை ஆம்பளைங்க கட்டக்கூடாது. முதல் தடவை கட்டுனா ஆறு மாசம் ஜெயில். இரண்டாவது தடவை கட்டுனா ஏழு வருஷம் நாடு கடத்தல். சட்டத்தை எடுத்தது 1782-லே. இதிலே வேடிக்கை என்னன்னா, பட்டாளத்துக்காரனுக்கு மட்டும் விலக்கு! சொந்த ஊர்லே கட்டுனா குத்தம், ராஜாவுக்காகச் சாகப் போனா கட்டிக்கலாம். அப்போ கோபம் துணி மேலேயா, ஆள் மேலேயா? நடுவர் அவர்கள் இதை மட்டும் குறிச்சுக்கணும்.

அண்ணன் உடனே, “அது அரசாங்கம் பண்ணினது, நான் மதத்தைப் பத்திப் பேசறேன்”னு சொல்லுவார். சரி, மதத்துக்கே வர்றேன். தூரமாப் போக வேண்டாம், மதுரைக்குப் போவோம். 1606-லே ராபர்ட் டி நொபிலின்னு ஒரு இத்தாலி நாட்டுப் பாதிரியார் மதுரைக்கு வந்தார். நம்ம ஆளுங்க அவரைத் தத்துவ போதகர்னு கூப்பிட்டாங்க. வந்தவர் பார்த்தார், தன்னோட கறுப்பு அங்கியை இந்த ஊர்லே யாரும் சாமியாராவே மதிக்கலே. கழட்டி வச்சுட்டுக் காவி கட்டினார். குடுமி வச்சார். சந்தனம் பூசினார். புலால் விட்டார். தமிழும் படிச்சார், வடமொழியும் படிச்சார்.

எதிர்ப்பு எங்கேருந்து வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? மதுரைக்காரங்ககிட்டேயிருந்து இல்லே. அவரோட சபையிலேயே, அவரோட மதுரையிலேயே இருந்த இன்னொரு பாதிரியார்தான் மேலே புகார் எழுதினார். இந்த ஆளு மதத்தையே மாத்திட்டார்னு. விவகாரம் 1619-லே கோவாவிலே கூடிப் பேசற வரைக்கும் போச்சு. அங்கே பெரும்பாலோர் அவருக்கு எதிரா நின்னாங்க. நொபிலி என்ன பண்ணினார்? கத்தலே. சபையை விட்டுப் போகலே. உட்கார்ந்து பக்கம் பக்கமா எழுதினார். குடுமியும் சந்தனமும் இந்த நாட்டு மனுஷங்களோட மரியாதை அடையாளம், இதுலே எதுவும் நம்பிக்கைக்கு விரோதம் இல்லேன்னு ஒவ்வொண்ணா எடுத்துக் காரணம் காட்டினார். 1623-லே ரோமாபுரியிலே போப் பதினைந்தாம் கிரகோரி, நொபிலி பக்கம் சாய்ஞ்சு அனுமதி கொடுத்தார். பதினேழு வருஷம் ஆச்சு! (கைதட்டல்) அவர் சாதி வித்தியாசத்தையும் சேர்த்து ஏத்துக்கிட்டதிலே எனக்கு உடன்பாடு கிடையாது. அது வேற பட்டிமன்றம், அதுக்கும் கூப்பிடுங்க, வர்றேன்.

இப்போ நம்ம காலத்துக்கு வாங்க. 2014 ஜூலையிலே சென்னையிலே, உயர் நீதிமன்ற நீதிபதி ஒருத்தர் வேட்டி கட்டிக்கிட்டுப் புத்தக வெளியீட்டு விழாவுக்குப் போனார். கிரிக்கெட் சங்கத்துக் கிளப்பிலே விழா. வேட்டிக்கு அனுமதி இல்லேன்னு வாசல்லேயே நிறுத்திட்டாங்க. நாடே கொதிச்சுது. அடுத்த மாசமே சட்டசபையிலே சட்டம் வந்துச்சு. வேட்டி கட்டினவரைத் தடுத்தா ஓராண்டு வரைக்கும் சிறை, இருபத்தைந்தாயிரம் ரூபாய் அபராதம்னு. நாம எல்லாரும் கைதட்டினோம். நானும் தட்டினேன்.

அதுக்கு அடுத்த வருஷக் கடைசியிலே மதுரைக் கிளையிலே ஒரு தனி நீதிபதி, கோயிலுக்கு வர்றவங்களுக்கு உடைக் கட்டுப்பாடு வேணும்னு உத்தரவு போட்டார். 2016 ஜனவரி ஒண்ணாந்தேதி பல கோயில் வாசல்லே போர்டு தொங்குச்சு. லுங்கி கூடாது, அரைக்கால் சட்டை கூடாது, ஜீன்ஸ் கூடாது, லெக்கின்ஸ் கூடாது. அந்த மாசமே இரண்டு நீதிபதிகள் அமர்வு தடை போட்டுச்சு. அது கிடக்கட்டும். நான் கேக்கறது ஒண்ணுதான். கிளப்பிலே பேண்ட் போட்டவன் வேட்டி கட்டினவனை நிறுத்தினப்போ நமக்கு வலிச்சுது. கோயில் வாசல்லே வேட்டி கட்டினவன் கைலி கட்டினவனை நிறுத்தினப்போ ஏன் வலிக்கலே? (பலத்த கைதட்டல்)

கண்ணியமா வரணும்ங்கறாங்க எதிரணியிலே. ஒத்துக்கறேன். மறைக்க வேண்டியதை மறைச்சுத்தான் வரணும். கைலி எதைய்யா மறைக்காம விட்டுச்சு? அதுவும் போக, திருச்செந்தூர்லே ஆம்பளை சட்டையைக் கழட்டினாத்தான் உள்ளே விடுவாங்க. மதுரைக் கிளை உத்தரவு மேல்துணி வேணும்னுச்சு. ஒரே முருகன், ஒரே பக்தர், எது கண்ணியம்? சர்ச்சுக்குள்ளே போனா ஆம்பளை தொப்பியை எடுக்கணும், குருத்வாராவுக்குள்ளே போனா தலையை மூடணும். 2024 டிசம்பர் கடைசியிலே கேரளத்திலே சிவகிரி மடத்துத் தலைவர் சச்சிதானந்த சுவாமியே, இந்தச் சட்டை கழட்டற வழக்கத்தை விட்டுடணும்னு மேடையிலே சொன்னார். நாத்திகர் இல்லே, மடத்துத் தலைவர்!

இந்த ஊர்லே நின்னுக்கிட்டு நான் ஒரு கதை சொல்லாமப் போனா ஊர்க்காரங்க கோவிச்சுக்குவாங்க. சிலப்பதிகாரத்திலே கட்டுரை காதையிலே நம்ம ஊர் வருது, தங்கால்னு. சோழநாட்டு அந்தணர் பராசரன், சேரன்கிட்டே பரிசு வாங்கிட்டு இந்த வழியா வர்றார். இங்கே சின்னப் பையங்க விளையாடுறாங்க. அதிலே ஒரு பையன், வார்த்திகன்னு ஒருத்தரோட மகன், மழலை மாறாத வாயாலே அவரோட சேர்ந்து பிசகாம மறை ஓதறான். பராசரனுக்கு மனசு குளிர்ந்து போச்சு. முத்துப் பூணூலும் நகைகளும் கொடுத்துட்டுப் போயிட்டார்.

அவ்வளவுதான், அரண்மனை ஆளுங்களுக்குக் கண்ணு உறுத்திடுச்சு. இந்த வீட்டுக்கு இவ்வளவு நகை ஏது? புதையலை எடுத்து மறைச்சிட்டான்னு வார்த்திகனைச் சிறையிலே போட்டாங்க. அவர் மனைவி கார்த்திகை தரையிலே விழுந்து புரண்டு அழுதா. அப்போ கொற்றவை கோயில் கதவு மூடிக்கிச்சு. திறக்கவே இல்லே. பாண்டியன் பதறி விசாரிக்கிறான், உண்மை தெரியுது. வார்த்திகன்கிட்டே மன்னிப்புக் கேட்டு, இந்தத் தங்காலையும் வயலூரையும் அவருக்கே கொடுத்தான். அப்புறம்தான் கதவு திறந்துச்சு.

நடுவர் அவர்களே, நீங்க தமிழ் படிச்சவர். உடம்பிலே கிடந்ததை வச்சு ஒரு ஆளை எடை போட்டதுக்குக் கொற்றவை யாருக்குக் கதவை அடைச்சா? போட்டிருந்தவனுக்கா, சந்தேகப்பட்டவனுக்கா? (நீண்ட கைதட்டல்)

இப்போ எங்க வீட்டுக் கதை. எங்க அப்பா முப்பது வருஷம் பட்டாசு ஆபீஸ்லே வேலை பார்த்தவர். வெளியூர்க்காரங்களுக்குச் சொல்றேன், எங்க பக்கம் ஆலைக்கு ஆபீஸ்னுதான் பேரு. அங்கேயும் உடைக் கட்டுப்பாடு உண்டு, அண்ணே! நைலான் கூடாது, பாலியெஸ்டர் கூடாது, பருத்தித் துணிதான். ஏன்னு எங்க அப்பா சேர்ந்த முதல் நாளே போர்மேன் சொல்லிக் கொடுத்தார். செயற்கைத் துணி உரசினா மின்சாரம் உண்டாகும். கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி போதும், மருந்து பிடிச்சுக்கும். அந்தக் கட்டுப்பாட்டுக்கு எங்க அப்பா ஒரு நாளும் முணுமுணுத்தது இல்லே. சாயங்காலம் வரும்போது கைலியெல்லாம் அலுமினியப் பொடி, தெருவிளக்கு வெளிச்சத்திலே மினுமினுன்னு வருவார். நான் சின்னப் பிள்ளையிலே அப்பா சரிகைக் கைலி கட்டியிருக்கார்னு நினைச்சேன்.

ஒரு நாள் பக்கத்து ஷெட்டிலே விபத்து. எங்க அப்பா தண்ணி குடிக்க வெளியே வந்திருந்தார், பிழைச்சார். கூட வேலை பார்த்தவங்க பிழைக்கலே. எங்க அம்மா தெற்கே ஒரு கோயிலுக்கு நேர்ந்துக்கிட்டாங்க. பேர் வேண்டாம். எனக்கு அப்போ பதினொரு வயசு. பஸ் பிடிச்சுப் போனோம். அப்பா புதுக் கைலி, நீலக் கட்டம், இதுக்குன்னே வாங்கினது. குளிச்சு, ஈரத் தலையோட, விபூதி வச்சுக்கிட்டு வரிசையிலே நின்னார். ரெண்டு மணி நேரம். வாசல் கிட்டே வந்ததும் ஒரு கை வந்து மறிச்சுது. “கைலிக்கு அனுமதி இல்லே. வேட்டி கட்டிட்டு வா.”

எங்க அப்பா சண்டை போடலே. ஒரே ஒரு வார்த்தை கேட்டார். “ஏன் சாமி?” பதில் வரலே. பின்னாலே நின்னவங்க, “நகருப்பா, நகரு”ன்னாங்க. நகர்ந்தார்.

எதிர்த்தாப்பிலே ஒரு கடை. வேட்டி வாடகை பத்து ரூபாய். முன்னாலே யாரோ கட்டி அவிழ்த்த வேட்டி, வேர்வை கூடக் காயலே. புதுக் கைலியை மடிச்சுப் பையிலே வச்சுட்டு அதைக் கட்டிக்கிட்டார். அந்த வேட்டி என்ன துணி தெரியுமா? பாலியெஸ்டர்! அதோட எங்க அப்பா வேலைக்குப் போயிருந்தா போர்மேன் உள்ளே விட்டிருக்க மாட்டார். (சிரிப்பு) வாடகைக்கு விட்டாரே கடைக்காரர், அவர் இடுப்பிலே என்ன இருந்துச்சு? கைலி! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

சிரிச்சுட்டோம். ஆனா சாமி கும்பிட்டுத் திரும்புற வழியெல்லாம் அப்பா பேசவே இல்லே. பஸ்ஸிலே எங்க அம்மாகிட்டே மட்டும் சொன்னார், “உள்ளே நின்னப்போ எனக்கு வேண்டுதல் மறந்துபோச்சும்மா. இந்த வேட்டி அவுந்துடக் கூடாதேங்கறதிலேயே இருந்தேன்”னு. செத்துப் பிழைச்ச மனுஷன், நன்றி சொல்லப் போன இடத்திலே, முடிச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டு வந்தார். துணைன்னு பேசற அண்ணன்மார்கள் இதுக்குப் பதில் சொல்லணும்.

அப்பாவுக்கு இப்போ எழுபத்து மூணு. “பட்டிமன்றத்துக்கு வாங்கப்பா, கைலியிலேயே வாங்க, நம்ம ஊர்தானே”ன்னேன். “டி.வி.யிலே காட்டுவாங்கம்மா”ன்னு பீரோவிலேருந்து வேட்டி எடுத்துக் கட்டிக்கிட்டு வந்திருக்கார். (சிரிப்பு) அந்த மூணாவது வரிசையிலே, தூண் ஓரமா. கேமரா தம்பி, கொஞ்சம் அவர் பக்கம் திருப்புங்க.