நாளுக்கொரு படம்



மாமல்லபுரத்திற்குச் சுற்றுலா சென்று வந்த தோழர்களிடம் அவர்கள் எடுத்த படங்களைக் காட்டச் சொல்லுங்கள். கடற்கரைக் கோயில் இருக்கும். ஐந்து ரதங்கள் இருக்கும். சரிவிலே நிற்கும் பெரிய உருண்டைப் பாறையைக் கையால் தாங்குவது போன்ற படமும் தவறாமல் இருக்கும். உங்கள் வீட்டு அம்மியின் படம் எங்கே என்று கேட்டால் சிரிப்பார்கள். நாள்தோறும் கண்ணிற் படும் பொருளைப் படம் எடுப்பானேன் என்பது அவர்கள் எண்ணம்.

பல்லவர் காலத்துச் சிற்பி அவ்வாறு எண்ணினான் அல்லன். அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு அருகில் கிருஷ்ண மண்டபம் இருக்கிறது. உள்ளே இருக்கும் சிற்பம் ஏழாம் நூற்றாண்டில் வெட்டவெளிப் பாறையிலே செதுக்கப்பட்டது. முன்னே உள்ள மண்டபம் விசயநகர காலத்தில் எழுந்தது. கண்ணன் கோவர்த்தன மலையைத் தாங்கும் காட்சி அது. மலையே பெயர்ந்து நிற்கும் அந்த வேளையிலும் ஆயன் ஒருவன் அமைதியாகப் பால் கறக்கிறான்; பசு தன் கன்றை நக்கிக்கொடுக்கிறது; ஆய்ச்சி ஒருத்தி தலைமேல் கலங்களை அடுக்கிச் சுமந்து வருகிறாள். மன்னர்களின் வெற்றியைச் செப்பேடுகள் கூறும். ஆய்ச்சியர் எவ்வாறு கலம் சுமந்தனர் என்பதை அறிய நாம் இந்தப் பாறையின் முன்னேதான் நிற்கவேண்டும்.

புகைப்படக் கலையும் வீட்டுப் பொருள்களிலிருந்தே தொடங்கியது எனலாம். இங்கிலாந்தில் டால்பட் என்னும் அறிஞர் 1844-ஆம் ஆண்டில் எடுத்த புகழ்பெற்ற படத்தில் இருப்பது என்ன? திறந்த கதவு, அதன் வாயிலில் சாய்த்து வைத்த ஒரு துடைப்பம். அலமாரியில் அடுக்கிய பீங்கான் ஏனங்களையும் அவர் படம் எடுத்தார். அவற்றைத் திருடன் கொண்டுபோனால் இந்தப் படத்தையே நீதிமன்றத்தில் சாட்சியாகக் காட்டலாமே என்றும் எழுதி வைத்தார்.

நம் வீட்டுப் பொருள்களோ திருடன் இல்லாமலே போய்விடுகின்றன. 1956-ஆம் ஆண்டில் எடை அளவுச் சட்டம் இயற்றப்பட்டது. மெட்ரிக் முறை வந்தது. படியும் ஆழாக்கும் மெல்ல மெல்லப் பரணுக்கு ஏறின. மின்பொறி வந்ததும் ஆட்டுக்கல் கொல்லைப்புறம் சென்றது. மீண்டும் ஆட்டுக்கல்லிலேயே மாவரைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அரைத்தவர்களின் தோள்வலியை அறிந்தவர் யாரும் அப்படிச் சொல்லமாட்டார். போவது போகட்டும், அதன் உருவமாவது நம்மிடம் இருக்கவேண்டாமா?

முட்டுக்காட்டில் 1996-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகர் வீட்டையும் நெசவாளர் வீட்டையும் அங்கே காணலாம். அவசியம் பாருங்கள். ஆனால் உங்கள் பாட்டியின் அம்மி அங்கே இல்லை. அதன் நடுவே விழுந்திருக்கும் பள்ளம் உங்கள் வீட்டார் கைகள் அரைத்து அரைத்து ஏற்படுத்திய பள்ளம். அதை நீங்கள்தான் படம் எடுக்கவேண்டும்.

நாளுக்கு ஒரு பொருள் போதும். கைப்பேசியிலுள்ள காமிராவே போதும். பளிச்சென்று ஒளிவிடும் விளக்கைப் போடாதீர்கள். அது பொருளின் மேடுபள்ளங்களை மறைத்துவிடும். காலையில் முற்றத்திலோ சன்னலோரத்திலோ சாய்வாக விழும் வெளிச்சத்தில் வையுங்கள். அம்மி கொத்தியவரின் உளித்தடம் ஒவ்வொன்றும் தெரியும். காமிராவை மிக நெருக்கிப் பிடித்தால் பானையின் வாய் பருத்து அடி சிறுத்துத் தோன்றும். இரண்டடி விலகி நில்லுங்கள். கடற்கரை ஊர்களில் இருப்பவர்களுக்கு மற்றொரு சொல்: உப்புக்காற்று கண்ணாடிவில்லையில் படியும். முதலில் ஊதிவிட்டுப் பிறகு மெல்லிய துணியால் துடையுங்கள். எடுத்தவுடன் தேய்த்தால் கீறல் விழும்.

படத்தோடு நாளையும் பொருளின் பெயரையும் எழுதுங்கள். விலைக்கு வாங்கியதா, சீராக வந்ததா என்பதையும் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் வீட்டுப் பெரியோரைக் கேளுங்கள். நாம் முறம் என்பதைத் தென்பாண்டி நாட்டார் சுளகு என்பர். உங்கள் வீட்டில் இரண்டு சொல்லும் வழங்கினால் இரண்டையும் குறியுங்கள். மாதத்திற்கு ஒருமுறை படங்களை வேறோர் இடத்திலும் சேமித்து வையுங்கள். கைப்பேசி தொலைந்தால் அவ்வளவும் போய்விடும்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கலாம். அரிவாள்மணை முதல் நாளைக்கு நல்ல பொருள். எத்தனை ஆண்டு காய் நறுக்கியது என்பதை அதன் தேய்ந்த அலகு காலை வெயிலில் நன்றாகக் காட்டும்.